என் குரல் எனக்கே திரும்புவது ஏன்?

இணைய வழியே நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். "நாளை காலை வருகிறேன்" என்கிறீர்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் "நாளை காலை வருகிறேன்" என்று யாரோ உங்களைப் போலவே பேசிக்காட்டுவது காதில் விழுகிறது. அது வேறு யாருமல்ல, உங்கள் குரலேதான். அடுத்த வாக்கியத்தைத் தொடங்குகிறீர்கள்; நாக்கு தடுமாறுகிறது.

உடனே என்ன செய்கிறோம்? செல்பேசியைத் தட்டுகிறோம், ஒலியளவைக் கூட்டுகிறோம், சன்னலோரம் போய் நிற்கிறோம், உரத்த குரலில் கத்துகிறோம். எதனாலும் பயனில்லை. ஏனெனில், பெரும்பாலான வேளைகளில் கோளாறு உங்கள் கருவியில் இல்லை!

இதனைச் சிறு தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. உதவித்தொகைக்கான நேர்காணல், மருத்துவரின் ஆலோசனை, அயல்நாட்டில் வேலை செய்யும் தந்தையுடன் வாரத்திற்கு ஒருமுறை பேசும் பேச்சு, எல்லாம் இன்று இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. அங்கே ஒரு சொல் தவறினாலும் இழப்பு பெரிது. ஆகவே இக்கோளாறுகள் எங்கே, ஏன் தோன்றுகின்றன என்பதை இயற்பியலின் துணையோடு காண்போம்.

எதிரொலிக்கு வேண்டியது காலம்

காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஒரு சுவரின் முன் நின்று கைதட்டினால் ஒலி சுவரில் பட்டுத் திரும்புகிறது. முதல் ஒலிக்கும் திரும்பிய ஒலிக்கும் இடையே 1/10 விநாடியாவது இருந்தால்தான் காது இரண்டையும் தனித்தனியே பிரித்தறியும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். 1/10 விநாடியில் ஒலி 34 மீட்டர் செல்லும். அது போகவும் வரவும் ஆகும் தொலைவு. எனவே சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டு அறையிலும் குரல் சுவரில் பட்டுத் திரும்பத்தான் செய்கிறது. சுவர் 3 மீட்டர் தொலைவில் இருந்தால் அது திரும்ப 1/50 விநாடிகூட ஆகாது. மூளை அதனை மூல ஒலியோடு சேர்த்தே கேட்டுவிடுகிறது. ஆகவே, குரல் திரும்பி வருவது தொல்லையன்று. காலந்தாழ்ந்து திரும்பி வருவதே தொல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குரலின் பயணம்

நீங்கள் பேசும்போது ஒலிவாங்கி, காற்றின் அதிர்வை மின் அதிர்வாக மாற்றுகிறது. செல்பேசி அந்த மின் அதிர்வின் அளவை விநாடிக்கு, எடுத்துக்காட்டாக, 16,000 முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. இவ்வெண்கள் பொதுவாக 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டப்படுகின்றன. ஒரு பொட்டலத்தில் 320 எண்கள். விநாடிக்கு 50 பொட்டலங்கள். எண்கள் சுருக்கப்பட்டு இணையத்தில் அனுப்பப்படுகின்றன. மறுமுனையில் பொட்டலங்கள் பிரிக்கப்பட்டு, எண்கள் மீண்டும் மின் அதிர்வாகி, ஒலிபெருக்கி வழியே குரலாக வெளிவருகின்றன. குரலைப் பொட்டலங்களாக்கி அனுப்பும் இம்முறை புதியதன்று. 1974ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பில் இது செய்து பார்க்கப்பட்டது.

இப்பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் இடப்பட்ட ஐ2ஐ என்னும் கடலடி ஒளியிழை வடத்தின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். கடலைக் கடக்க 16 மில்லி விநாடி போதும்! அப்படியானால் தாமதம் எங்கிருந்து வருகிறது? ஒரு பொட்டலம் நிரம்புவதற்கே 20 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். எண்களைச் சுருக்கவும் விரிக்கவும் நேரம் ஆகிறது. வழியிலுள்ள நிலையங்களில் பொட்டலங்கள் வரிசையில் நிற்கின்றன. மறுமுனையில் அவை சிறிது நேரம் தேக்கி வைக்கப்படுகின்றன. புளூடூத் கருவி இருந்தால் அதுவும் தன் பங்கைக் கூட்டுகிறது. கடலைக் கடக்கும் நேரத்தைவிடக் கரையில் காத்திருக்கும் நேரமே மிகுதி.

ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக அமையும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். அந்த அளவையே எடுத்துக்கொள்வோம். குரல் போய்த் திரும்ப 300 மில்லி விநாடி. காற்றில் ஒலி இந்நேரத்தில் 102 மீட்டர் செல்லும். அதாவது, 51 மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு பாறையை நோக்கி நீங்கள் பேசுவதற்கு இது ஒப்பாகும். எதிரொலி தெளிவாகக் கேட்பதில் வியப்பென்ன?

பாறை எங்கே இருக்கிறது?

குரல் திரும்ப வேண்டுமானால் அதைத் திருப்பி அனுப்பும் ஒன்று வேண்டும். உங்கள் குரல் நண்பரின் ஒலிபெருக்கியிலிருந்து வெளிவருகிறது. அதே கருவியில் சில அங்குலத் தொலைவில் ஒலிவாங்கி இருக்கிறது. அதற்கு, இது தன் உரிமையாளரின் குரல், இது வெளியூர்க் குரல் என்று பிரித்தறியத் தெரியாது. காதில் விழுந்ததையெல்லாம் அனுப்பிவிடுகிறது. இவ்வாறு உங்கள் குரல் உங்களிடமே வந்து சேர்கிறது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: எதிரொலியைக் கேட்பவர் ஒருவர், அதை உண்டாக்குபவர் மற்றவர். உண்டாக்குபவருக்கோ எதுவும் தெரிவதில்லை. "எனக்கு நன்றாகத்தானே கேட்கிறது, உன் செல்பேசியைப் பார்" என்று அவர் சொல்வார். நீங்களும் அதை நம்பிப் புதிய காதொலிப்பான் வாங்கப் புறப்படுவீர்கள். காதொலிப்பான் தேவைப்படுவது அவருக்குத்தான்.

இதனை மெய்ப்பிப்பது எளிது. நண்பரைத் தமது மைக்கை ஒரு நிமிடம் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். எதிரொலி நின்றுவிட்டால் ஐயமே இல்லை. அது அவர் பக்கத்திலிருந்தே வந்தது. நிற்கவில்லையானால் கோளாறு உங்கள் பக்கத்தில் இருக்கிறது. ஒரே கூட்டத்தில் நீங்கள் இரண்டு கருவிகளின் வழியே சேர்ந்திருக்கலாம். அல்லது உங்கள் மைக் ஒலியை உங்களுக்கே கேட்கச் செய்யும் அமைப்பு கணிப்பொறியில் இயங்கிக்கொண்டிருக்கலாம்.

32 பேர் கூடிய இணைய வகுப்பில் எதிரொலி கேட்டால்? ஒவ்வொருவராகத் தேட வேண்டியதில்லை. 16 பேரின் மைக்கை அணையுங்கள். எதிரொலி நின்றால் காரணமானவர் அந்த 16 பேருள் ஒருவர். நிற்காவிட்டால் எஞ்சியவருள் ஒருவர். அடுத்து 8, பிறகு 4, பிறகு 2, பிறகு 1. காரணமானவர் ஒருவரே என்றால் ஐந்தே சோதனைகளில் அகப்பட்டுவிடுவார்!

நாக்குத் தடுமாறுவது உங்கள் குறையன்று

நேர்காணலில் ஒரு மாணவி திக்கித் திக்கிப் பேசுகிறாள். கேட்பவர்கள் அவள் அஞ்சுகிறாள், அல்லது பாடம் தெரியவில்லை என்று எண்ணக்கூடும். அவளும் அப்படியே எண்ணி மனம் உடைந்துபோகலாம். ஆனால் நாம் பேசும்போது மூளை நம் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் அடுத்த அசையை ஒழுங்குபடுத்துகிறது. அக்குரல் காலந்தாழ்ந்து வந்தால் ஒழுங்கு குலைகிறது. 1950இல் பெர்னார்டு லீ என்னும் அமெரிக்கர் இதனை ஆய்ந்து வெளியிட்டார். தாமதம் சுமார் 1/5 விநாடியாக இருக்கும்போது தடுமாற்றம் மிகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சரளமாகப் பேசுவோரும் இழுத்தும், திக்கியும், அசைகளை இரட்டித்தும் பேசத் தொடங்குகின்றனர். ஜப்பானியர் இருவர் இதே விளைவைக் கொண்டு, பேசுபவரை நிறுத்தச் செய்யும் கருவி ஒன்றையே செய்தனர். 2012இல் அதற்கு வேடிக்கைப் பரிசான இக் நோபல் பரிசு கிடைத்தது.

இணைய எதிரொலியின் தாமதமும் இந்த 1/5 விநாடியை ஒட்டியே பெரும்பாலும் அமைகிறது. ஆகவே இத்தகைய நிலை உங்களுக்கு நேர்ந்தால் தயங்க வேண்டாம். "ஐயா, என் குரல் எனக்கே திரும்பக் கேட்கிறது. தங்கள் பக்கம் ஒலியளவைச் சற்றுக் குறைக்க இயலுமா?" என்று பணிவோடு கேளுங்கள். அவர்கள் செய்ய இயலாவிடில், நீங்கள் பேசும்போது மட்டும் காதொலிப்பானைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள். எதிரொலி காதில் விழாதபோது நாக்கும் தடுமாறாது.

எதிரொலியைக் கழிக்கும் கணக்கு

எல்லாச் செல்பேசிகளிலும் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் அருகருகே இருந்தும், எதிரொலி எப்போதும் கேட்பதில்லையே, ஏன்? ஒவ்வொரு கருவியிலும் 'எதிரொலி நீக்கி' என்னும் கணக்கு முறை இயங்கிக்கொண்டிருக்கிறது. இதன் வரலாறு சுவையானது.

1965இல் 'எர்லி பேர்டு' என்னும் செயற்கைக்கோள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே தொலைபேசிப் பேச்சுகளைச் சுமக்கத் தொடங்கியது. அது நிலவுலகிலிருந்து சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. குரல் ஏறி இறங்கவே கால் விநாடி. எதிரொலி திரும்ப அரை விநாடி! அக்காலத் தொலைபேசியில் எதிரொலி தோன்றிய இடம் வேறு. வீட்டிற்கு வரும் இரு கம்பித் தடமும், நெடுந்தொலைவுக்கான நான்கு கம்பித் தடமும் சேரும் சந்தியில் அது தோன்றியது. அதைத் தடுக்க, ஒருவர் பேசும்போது மற்றவர் தடத்தை அடைத்துவிடும் ஒரு கதவு போன்ற அமைப்பு இருந்தது. ஆனால் இருவரும் ஒருங்கே பேசினால் சொற்கள் கதவிடுக்கில் நசுங்கின.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கெல்லி, பெஞ்சமின் லோகன், மன் மோகன் சோந்தி ஆகியோர் வேறு வழியை நாடினர். கதவை அடைப்பதற்கு மாறாக, எதிரொலியைக் கணித்துக் கழித்துவிட்டால் என்ன என்பது அவர்கள் கேள்வி. சோந்தி 1967இல் இம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். அவர் இந்தியாவில் பிறந்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்றவர்.

கணக்கைப் பாருங்கள். நண்பரின் கருவி தன் ஒலிபெருக்கிக்கு 100 அளவுள்ள ஒலியை அனுப்புகிறது என்க. அதில் 30 அளவு ஒலிவாங்கிக்குள் கசிகிறது. 0.3 என்னும் இந்தக் கசிவு விகிதம் கருவிக்குத் தெரியாது. முதலில் 0.2 என்று ஊகிக்கிறது. எதிரொலி 20 இருக்கும் என்று கருதி, 30இலிருந்து 20ஐக் கழிக்கிறது. மிச்சம் 10. மிச்சம் இருப்பதால் ஊகம் குறைவு என்று தெரிந்துகொண்டு 0.25 ஆகத் திருத்துகிறது. இப்போது மிச்சம் 5. மேலும் 0.275 ஆகத் திருத்தினால் மிச்சம் 2.5. இவ்வாறு பிழையையே ஆசிரியனாகக் கொண்டு கருவி கற்றுக்கொள்கிறது. பிழையைக் கொண்டு எண்களைத் திருத்தும் எளிய முறை ஒன்றை விட்ரோ, ஹாஃப் என்னும் இருவர் 1960இல் உருவாக்கியிருந்தனர். இன்றும் அது பல வடிவங்களில் பயன்படுகிறது.

உண்மையில் கசிவு ஒன்றன்று. நேரே வருவது, மேசையில் பட்டு வருவது, சுவரில் பட்டு வருவது எனப் பல. அறையின் ஒலி அடங்க 1/8 விநாடி ஆகும் என்றால், விநாடிக்கு 16,000 அளவுகள் வீதம் 2,000 விகிதங்களைக் கருவி ஊகித்துத் திருத்த வேண்டும். அதுவும் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே!

இக்கணக்கு எப்போது தோற்கும் என்பதையும் நீங்களே சொல்லிவிடலாம்.

ஒலியளவை உச்சத்தில் வைத்தால் சிறிய ஒலிபெருக்கி கரகரக்கிறது. 100க்கு 30 என்றால் 200க்கு 60 என்னும் நேர் விகிதம் அங்கே குலைகிறது. விகிதமே இல்லாதபோது ஊகம் எப்படிப் பொருந்தும்? செல்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டு உலாவினால் ஒலி வரும் வழிகள் மாறிக்கொண்டே இருக்கும், கற்றது பயன்படாது. தனியான புளூடூத் ஒலிபெருக்கியை இணைத்தால் கசிவு மிகவும் காலந்தாழ்ந்து வருவதால், கருவி தேடும் கால எல்லைக்கு அப்பால் போய்விடலாம். சாமான்கள் இல்லாத வெற்று அறையில் ஒலி நெடுநேரம் அடங்காது. இருவரும் ஒருங்கே பேசினால் ஒலிவாங்கியில் எதிரொலியோடு நண்பரின் குரலும் கலக்கிறது. அதையும் பிழை என்று கருதினால் கற்றதும் கெடும். எனவே ஒருவர் பேச்சை முடித்தபின் மற்றவர் பேசுவது நற்பண்பு மட்டுமன்று, நல்ல இயற்பியலும் ஆகும்.

கூவல் ஏன்?

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கியின் அருகே கொண்டு சென்றால் 'ஊ...' என்று கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். இணையப் பேச்சிலும் இது நேர்கிறது. ஒரே வகுப்பில் சேர்ந்துள்ள அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் இரு செல்பேசிகளை வைத்துக்கொண்டால், ஒன்றின் ஒலி மற்றொன்றில் புகுந்து சுற்றிச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி 1.1 மடங்கு ஆனால், 10 சுற்றுகளில் 2.6 மடங்கு, 50 சுற்றுகளில் 117 மடங்கு! மாறாக, ஒவ்வொரு சுற்றிலும் 0.9 மடங்கு ஆனால் 50 சுற்றுகளில் 1/200 பங்காகத் தேய்ந்து மறைந்துவிடும். 1 என்னும் எல்லையின் இப்புறம் அமைதி, அப்புறம் கூவல். ஒலியளவைச் சிறிது குறைத்தவுடன் கூவல் அடங்குவதன் காரணம் இதுவே. டென்மார்க் நாட்டு அறிவியலாளர் லார்சன் பெயரால் இது லார்சன் விளைவு என வழங்குகிறது. மருந்து: ஓர் அறையில் ஒரு மைக், ஓர் ஒலிபெருக்கி மட்டுமே இயங்கட்டும்.

விழுங்கப்படும் சொற்கள்

எதிரொலி இல்லை; ஆனால் பேச்சு விட்டு விட்டு வருகிறது. இது வேறு நோய். பொட்டலங்கள் 20 மில்லி விநாடிக்கு ஒன்றாகச் சீராகப் புறப்பட்டாலும், நெரிசலால் முன்னும் பின்னுமாக வந்து சேர்கின்றன. நகராட்சிக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. மேல்நிலைத் தொட்டியில் தேக்கி வைத்தால் வீட்டுக் குழாயில் சீராக வரும் அல்லவா? அதுபோலவே பெறும் கருவியும் பொட்டலங்களைத் தேக்கிச் சீராக வெளியிடுகிறது. தொட்டி பெரிதானால் பேச்சு தடைப்படாது. ஆனால் தாமதம் கூடும். சிறிதானால் தாமதம் குறையும். ஆனால் தொட்டி அடிக்கடி வற்றும். இரண்டுக்கும் நடுவே கருவி ஓர் அளவைத் தேர்ந்தெடுக்கிறது.

தொலைந்த பொட்டலத்தைத் திரும்பக் கேட்டு வாங்கலாமே என்பீர்கள். முகூர்த்தம் முடிந்தபின் வரும் மாலையால் என்ன பயன்? எனவே ஒரு பொட்டலம் தொலைந்தால் கருவி முந்திய ஒலியைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. நமக்குத் தெரிவதில்லை. தொடர்ந்து பத்துப் பொட்டலங்கள் தொலைந்தால் 1/5 விநாடி போய்விடும். அது ஓர் அசையின் காலம்.

தமிழில் எதிர்மறை பெரும்பாலும் சொல்லின் இறுதியில் வருவதை எண்ணிப் பாருங்கள். "இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட..." என்பது கேட்டு, "...லாம்" என்பதோ "...க் கூடாது" என்பதோ விழுங்கப்பட்டால் பொருளே தலைகீழாகும். நடுவண் அரசின் இ-சஞ்சீவனி போன்ற தொலை மருத்துவச் சேவைகளின் வழியே மருத்துவருடன் பாட்டி பேசும்போது நீங்கள் அருகில் இருந்தால், மருத்துவர் சொன்னதை அவரிடமே திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சில குறிப்புகள்

1. உங்கள் குரலே திரும்பக் கேட்டால்: எதிர்ப்பக்க மைக்கை அணைக்கச் சொல்லிச் சோதியுங்கள். நின்றால், அவர் காதொலிப்பான் அணியட்டும் அல்லது ஒலியளவைக் குறைக்கட்டும்.

2. உங்கள் நண்பருக்கு அவர் குரல் திரும்பக் கேட்டால்: காரணம் நீங்கள். மேற்சொன்னதை நீங்கள் செய்யுங்கள்.

3. கூவல் கேட்டால்: அறையில் இரண்டாவது கருவி இருக்கிறதா என்று தேடுங்கள்.

4. சொற்கள் விழுங்கப்பட்டால்: படத்தை நிறுத்திக் குரலை மட்டும் அனுப்புங்கள். குரலுக்குச் சில பத்து ஆயிரம் பிட்டுகள் போதும்; படத்துக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். வைஃபை பெட்டியின் அருகே செல்லுங்கள். வீட்டில் வேறு யாரேனும் திரைப்படம் இறக்கிக்கொண்டிருந்தால் சிறிது நேரம் நிறுத்தச் சொல்லுங்கள்.

5. குரல் மங்கிக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தால்: ஒலிவாங்கியின் சிறு துளையைச் செல்பேசி உறையோ விரலோ மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

தாமதத்தை நீங்களே அளக்கலாம்

கடிகாரம் ஒன்று போதும். நண்பரை நேரில் எதிரே அமர்த்தி, நீங்கள் "1" என்றதும் அவர் "2", நீங்கள் "3" என மாறி மாறி இடைவிடாமல் 21 வரை எண்ணுங்கள். ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பின்பு அவரை அவர் வீட்டிற்கு அனுப்பி, இணைய வழியே அதேபோல் எண்ணுங்கள். "1" சொல்பவரும் "21" சொல்பவரும் நீங்களே. இடையில் குரல் 20 முறை இணையத்தைக் கடக்கிறது. எனவே இரு நேரங்களின் வேறுபாட்டை 20ஆல் வகுத்தால் ஒருவழித் தாமதம் கிடைக்கும். நேரில் 12 விநாடியும் இணையத்தில் 16 விநாடியும் ஆனால், தாமதம் 4 ÷ 20 = 0.2 விநாடி. எண்ணுவதற்கு நீங்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் அது கழிந்துவிடுகிறது. மூன்று முறை செய்து சராசரி காணுங்கள்.

பிறகு புளூடூத் காதொலிப்பானோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை, வீட்டில் எல்லோரும் இணையத்தைப் பயன்படுத்தும் மாலை வேளையில் ஒருமுறை, விடியற்காலையில் ஒருமுறை அளந்து அட்டவணையிடுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதை உங்கள் அட்டவணையே உங்களுக்குச் சொல்லும்.